ரௌலிங் கொடுத்த பணத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஹாரி பாட்டர் எழுதிய ஜே.கே. ரௌலிங் திருநர்களைப் பற்றிப் பேசுவதை வைத்து யாராவது ஒரு குறை சொன்னால் போதும், அடுத்த நிமிடமே அவர் கொடுத்த நன்கொடைகளின் பட்டியல் வந்து விழும். அவ்வளவு கொடுத்தவரைப் போய் இப்படிப் பேசுகிறீர்களே என்பார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் அந்தப் பட்டியலையே காதில் வாங்க மாட்டார்கள், எல்லாம் விளம்பரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார்கள். இரண்டு பேச்சுமே எனக்கு ஒட்டவில்லை. பட்டியல் உண்மை. அதில் விளம்பரம் என்று தள்ளக்கூடியது மிகக் குறைவு. ஆனால் அதை வைத்து அவருடைய மற்ற காரியங்களைக் கழித்துவிடலாம் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதுவும் 2022க்கு அப்புறம் கழிக்கவே முடியாது. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பட்டியலை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும், அது அவருக்கு நாம் செய்ய வேண்டிய நியாயம்.

அவருடைய அம்மா ஆன் ரௌலிங், 1990 டிசம்பர் 30 அன்று இறந்தபோது வயது 45. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நரம்பு நோய். மகளுக்குப் பதினைந்து வயதிருக்கும்போதே நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது, அப்புறம் பத்து வருடம் அந்த வீடு அந்த நோயோடுதான் வாழ்ந்தது. அம்மா இறப்பதற்கு ஆறு மாதம் முன்புதான் ரௌலிங் ஹாரி பாட்டரை எழுத ஆரம்பித்திருந்தார். அம்மாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் புத்தகத்தில் ஒரு கண்ணாடி வரும், அதன் முன்னால் நின்றால் மனம் எதற்கு ஏங்குகிறதோ அது தெரியும். ஹாரிக்குச் செத்துப்போன அப்பாவும் அம்மாவும் தெரிவார்கள். அந்த அத்தியாயம் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள விமர்சகர் யாரும் தேவையில்லை.

பணம் வந்த பிறகு, 2010இல், எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கு 1 கோடி பவுண்டு கொடுத்தார். அம்மா பெயரில் ஒரு நரம்பியல் மையம் அங்கே 2013இல் திறந்தது. 2019இல் மேலும் 1.53 கோடி பவுண்டு. மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் மட்டுமல்ல, மோட்டார் நியூரான் நோய், பார்கின்சன் என்று, டாக்டர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் நோய்களுக்கெல்லாம் அங்கே மருந்துச் சோதனை நடக்கிறது. மோட்டார் நியூரான் நோய்க்கு ஒரு மருந்தாகச் சோதித்துப் பார்த்தால் நோயாளிக்கு அவ்வளவு காலம் இருக்காது என்பதால், ஒரே நேரத்தில் பல மருந்துகளைச் சோதிக்கும் ஒரு திட்டம் 2020இல் அங்கிருந்து தொடங்கியது. பெயருக்குக் கட்டடம் கட்டிக் கல்வெட்டு வைக்கிற தர்மம் இல்லை இது.

லூமோஸ் அமைப்பின் கதையும் அப்படித்தான். 2004இல் ஒரு பிரிட்டிஷ் ஞாயிறு நாளிதழில் ஒரு படம் வந்தது. செக் நாட்டில் ஒரு காப்பகம், கம்பி வலை போட்ட கட்டிலுக்குள் ஒரு சின்னப் பையன். அதைப் பார்த்த பிறகு 2005இல் ஒருவரோடு சேர்ந்து ரௌலிங் தொடங்கிய அமைப்புதான் பின்னால் லூமோஸ் ஆனது. அது அழுத்திச் சொல்லும் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சம் உறைக்க வேண்டியது. ‘அனாதை’ இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமையாலோ, பிள்ளைக்கு உடல் குறை இருப்பதாலோ கொண்டுவந்து விட்டிருப்பார்கள். இல்லத்துக்குப் போகும் பணம் அந்தக் குடும்பத்துக்குப் போனால் குழந்தை வீட்டிலேயே வளரும். பிறந்தநாள் என்றால் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போட்டுவிட்டு நிம்மதியாக வீடு திரும்பும் நமக்கு இது லேசில் இறங்குகிற கருத்தில்லை. யோசித்துத்தான் கொடுத்திருக்கிறார். 2007இல் அவர் கையால் எழுதிய ஒரு கதைப்புத்தகப் பிரதி 19.5 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அந்தப் பணமும் இந்த வேலைக்குத்தான் போனது.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் வரி கட்டியது. கைக்குழந்தையோடு எடின்பரோவில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்தவர். கோடீஸ்வரர் ஆன பிறகு வரி இல்லாத தீவுகளுக்குக் குடிபோகவில்லை, ஊரிலேயே இருந்து கட்டினார். ஏன் என்று 2010இல் ஒரு கட்டுரையே எழுதினார்: நான் விழுந்தபோது என்னைத் தாங்கியது இந்த நாட்டின் வலை, இப்போது எனக்குக் கடன் இருக்கிறது என்கிற தோரணையில். 2012இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவரைப் பில்லியனர் பட்டியலிலிருந்து எடுத்தபோது சொன்ன காரணங்கள் இரண்டு: நன்கொடை, வரி. வேறு எந்தப் பெரிய பணக்காரரைப் பற்றி இப்படி ஒரு காரணம் படித்திருக்கிறோம்?

சரி, இப்போது மற்றப் பக்கம்.

2019 டிசம்பரில், பிறப்பால் வந்த பாலினத்தை மாற்ற முடியாது என்ற தன் கருத்தால் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போன மாயா ஃபோர்ஸ்டேட்டர் என்ற பெண்ணுக்கு ஆதரவாக ரௌலிங் ஒரு ட்வீட் போட்டார். 2020 ஜூனில் இதே விஷயம் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றைத் தன் தளத்தில் வெளியிட்டார். முதல் கணவரிடம் அடிவாங்கியதையும் தனக்கு நடந்த பாலியல் வன்முறையையும் அதில்தான் முதன்முதலாக விரிவாகச் சொன்னார். அந்தக் கட்டுரையை முழுக்கப் படிக்காமலே பேசுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலான திருநர்களால் யாருக்கும் ஆபத்து இல்லை, அவர்களே பாதுகாப்பு தேவைப்படுபவர்கள் என்றும் அதில் எழுதியிருக்கிறார். அடிபட்ட பெண்ணின் பயம் அதில் இருக்கிறது, அந்தப் பயத்தை நான் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே கட்டுரையில் அந்தப் பயம் மெதுவாக இடம் மாறுகிறது. அடித்தவன் ஓர் ஆண், கணவன். கட்டுரை முடிவதற்குள் கழிப்பறைக் கதவுக்கு வெளியே நிற்கும் திருநங்கைமேல் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது. அங்கேதான் நான் அவரைவிட்டு விலகினேன்.

அந்தக் கட்டுரையோடு நின்றிருந்தால் கருத்து வேறுபாடு என்று விட்டிருக்கலாம். நிற்கவில்லை. 2024 ஏப்ரல் 1, திருநர் உள்ளிட்டவர்களுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் வெறுப்புக் குற்றச் சட்டம் ஸ்காட்லாந்தில் அமலுக்கு வந்த நாள். அன்று ரௌலிங் பத்துத் திருநங்கைகளின் பட்டியல் ஒன்றை எக்ஸ் தளத்தில் வரிசையாகப் போட்டார். முடிந்தால் என்னைக் கைது செய்யுங்கள் என்று சவால். குற்றம் இல்லை என்று போலீஸ் சொன்னது, சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். என்னை உலுக்கியது அந்தப் பட்டியலின் அமைப்பு. அதில் பாலியல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, எந்தக் குற்றமும் செய்யாத, தொலைக்காட்சியிலோ பொது அமைப்புகளிலோ வேலை பார்ப்பவர்களின் பெயர்களும் படங்களும் இருந்தன. எல்லாருக்கும் ஒரே தொனி, கடைசியில் எல்லாரும் ஆண்கள்தான் என்று ஒரு முடிவு. அவரைப் பின்தொடர்பவர்கள் சுமார் 1.4 கோடி பேர். குற்றவாளியையும் குற்றமற்றவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு, இருவருக்கும் பொதுவானது என்ன என்று கண்டுபிடிக்கும் வேலையைப் படிப்பவரிடம் விட்டுவிடுகிறது அந்தப் பட்டியல். உலகத்தில் எந்தச் சின்னக் கூட்டத்தைப் பற்றியும் வெறுப்பு இப்படித்தான் பரப்பப்பட்டிருக்கிறது. வார்த்தைகளை அளந்து எழுதத் தெரிந்த ஓர் எழுத்தாளர் இதை அறியாமல் செய்திருப்பார் என்று நான் நம்பத் தயாரில்லை.

இந்த இரண்டு பக்கத்தையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு நிறுவனம் முயன்றது, 2020இல். ராபர்ட் கென்னடி பெயரில் இயங்கும் அமெரிக்க மனித உரிமை அமைப்பு, லூமோஸ் வேலைக்காக 2019இல் ரௌலிங்குக்கு விருது கொடுத்திருந்தது. 2020 ஆகஸ்டில் அதன் தலைவர் கெர்ரி கென்னடி, திருநர்களைப் பற்றிய ரௌலிங்கின் பேச்சு தனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது என்று வெளிப்படையாக அறிக்கை விட்டார். அந்த மாதமே ரௌலிங் விருதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் மனசாட்சியைவிட எந்த விருதும் பெரிதில்லை என்பது அவர் பதிலின் சாரம். இதில் இரண்டு பேரும் செய்தது எனக்கு நேர்மையாகத்தான் படுகிறது. குழந்தைகளுக்குச் செய்த வேலை செய்ததுதான், அதை அந்த அமைப்பு மறுக்கவில்லை. அந்த வேலை இருக்கிறது என்பதற்காக மற்றதைப் பற்றி வாயை மூடிக்கொள்ளவும் இல்லை. கழித்தல் கணக்கு போடாமல் இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார்கள்.

கழித்தல் ஏன் ஆகாது என்றால், கழிப்பதற்கு இரண்டும் ஒரே ஆளின் பற்றுவரவாக இருக்க வேண்டும். கம்பிக் கட்டிலிலிருந்து வெளியே வந்த பிள்ளை வேறு, தன் படம் குற்றவாளியின் படத்துக்குப் பக்கத்தில் வந்ததைப் பார்த்துக் காலையில் வேலைக்குக் கிளம்பும் திருநங்கை வேறு. முதலாமவருக்குக் கிடைத்ததை இரண்டாமவரிடம் காட்டி ஈடாகிவிட்டது என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

‘பசுவைக் கொன்று செருப்பு தானம் செய்த மாதிரி’ என்று ஒரு பழமொழி சொல்வோமே, இங்கே அதைச் சிலர் இழுத்து வைப்பதைப் பார்க்கிறேன். அது இங்கே பொருந்தாது. ரௌலிங்கின் பணம் யாரையும் ஏய்த்து வந்ததில்லை. 60 கோடிக்கும் மேல் புத்தகங்கள் விற்றன, பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டார்கள், பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள். அபின் விற்ற பணத்தில் அருங்காட்சியகம் கட்டிய கதை இல்லை. அதனால் எடின்பரோ மையத்தில் சிகிச்சைக்குப் போகிறவருக்கு எந்தக் குற்ற உணர்வும் தேவையில்லை, அந்தப் பல்கலைக்கழகம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் தேவையில்லை. மோட்டார் நியூரான் நோய் வந்த ஒருவரிடம் போய், உன் மருந்துச் சோதனைக்குப் பணம் கொடுத்தவர் இன்னார் என்று சொல்லி அவர் மனதைக் கலைப்பது கொடுமை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொன்னது வாங்கிக்கொள்கிறவருக்கு. பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கு அந்தத் தடை கிடையாது.

இனி 2022க்கு வருகிறேன். அந்த டிசம்பரில் எடின்பரோவில் பெய்ராஸ் பிளேஸ் என்ற மையத்தை ரௌலிங் தொடங்கினார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இலவச ஆலோசனை, முழுச் செலவும் அவருடையது. திருநங்கைகளுக்கு அங்கே இடமில்லை, அதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள். இதை நான் ஒரே வரியில் கண்டித்துவிட்டுப் போக முடியாது. ஆணால் சிதைக்கப்பட்ட ஒரு பெண், ஆலோசகராகப் பிறப்பால் பெண்ணாக உள்ளவர்தான் வேண்டும் என்று கேட்டால் அவளிடம் வாதாட எனக்கு வாய் வராது. ஏற்கெனவே அந்த ஊரில் இருந்த இன்னொரு மையம் இந்த விஷயத்தில் பெண்களுக்குத் தெளிவான பதில் தரத் தவறியது என்று 2024இல் ஒரு தனி ஆய்வே சொன்னது. தேவை உண்மை. அங்கே போய் அழுது, பேசி, தேறி வந்த பெண்கள் இருப்பார்கள். ஆனால் வன்முறைக்கு ஆளான திருநங்கைகளும் அதே ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்காக இப்படியொரு கதவை எந்தக் கோடீஸ்வரரும் திறக்கவில்லை.

அடுத்தது 2024 பிப்ரவரி. ஃபார் விமன் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு ஸ்காட்லாந்து அரசுக்கு எதிராக நடத்திய வழக்குக்கு 70,000 பவுண்டு கொடுத்தார். 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னார்கள்: 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் ‘பெண்’ என்றால் பிறப்பால் பெண். மாறிய பாலினத்தைச் சட்டப்படி ஏற்கும் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வைத்திருக்கும் திருநங்கைகூட அந்தச் சொல்லுக்குள் வர மாட்டார். இந்த வழக்கில் தங்கள் தரப்பையும் சொல்ல அனுமதி கேட்ட இரண்டு திருநர்களுக்கு, ஒருவர் முன்னாள் நீதிபதி, இன்னொருவர் சட்டப் பேராசிரியர், நீதிமன்றம் அனுமதி தரவில்லை. தீர்ப்பை வாசித்த நீதிபதி லார்ட் ஹாட்ஜ், இதை ஒரு தரப்பு இன்னொரு தரப்பை வென்றதாகப் பார்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்று ரௌலிங் வெளியிட்டது கடல் பின்னணியில், ஒரு கையில் சுருட்டும் ஒரு கையில் மதுக்கோப்பையுமாகத் தான் இருக்கும் படம். போட்ட திட்டம் பலித்தால் எவ்வளவு சந்தோஷம் என்று மேலே ஒரு வரி.

சில வாரங்களில் இங்கிலாந்து கால்பந்து சங்கம் பெண்கள் ஆட்டத்திலிருந்து திருநங்கைகளை விலக்கியது. லட்சக்கணக்கான ஆட்டக்காரர்களில் பதிவு பெற்ற திருநங்கைகள் முப்பது பேர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் மைதானத்தில் சும்மா ஆடிக்கொண்டிருந்தவர்கள். விளையாட்டில் உடல் பலம் பற்றிய விவாதம் தனி, அதில் நியாயமான கேள்விகள் இருக்கின்றன. ஆனால் தீர்ப்பு விளையாட்டோடு நிற்கவில்லை. வேலையிடக் கழிப்பறை, ஆஸ்பத்திரி வார்டு என்று அது போய்க்கொண்டே இருக்கிறது.

2025 மே மாதம் அவர் தன் பெயரிலேயே பெண்களுக்கான நிதி ஒன்றை அறிவித்தார். இந்த வகை வழக்குகளைத் தொடுப்பவர்களுக்கு அதிலிருந்து பணம். வெளியே யாரிடமும் வசூல் இல்லை, முழுக்கச் சொந்தப் பணம் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், இதை எந்தப் பக்கம் எழுதுவது? அவருடைய ஆதரவாளர்கள் இதை அவருடைய தர்ம காரியங்களில் சேர்ப்பார்கள், அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று நம்புகிறேன். அவர் பொய்யாக எதையும் கொடுப்பவர் அல்லர். லூமோஸுக்குக் கொடுத்த அதே அக்கறையோடுதான் இதற்கும் கொடுக்கிறார். எனக்கு இதில் துக்கமே அதுதான். ஒரு பக்கம் கொடை, ஒரு பக்கம் கருத்து என்று பிரித்து வைத்த காலம் முடிந்துவிட்டது. இப்போது கருத்தே கொடையாகிச் செக் புத்தகத்திலிருந்து கிழிந்து போகிறது. நன்கொடைப் பட்டியலைக் காட்டுகிறவர்கள் இந்த 70,000 பவுண்டையும் இந்த நிதியையும் அதே பட்டியலில் சேர்த்துக் காட்டட்டும், அப்போது பேச்சு நேர்மையாக நடக்கும்.

வள்ளல் என்ற பெயருக்கே ஒரு பலம் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. தெருவில் யாரோ ஒருவர் திருநங்கைகளைப் பற்றி இப்படிப் பேசினால் நாலு பேர் திட்டிவிட்டுப் போவார்கள். அனாதைப் பிள்ளைகளுக்குக் கோடிகளை அள்ளிக் கொடுத்த ஓர் எழுத்தாளர், ஏழைத் தாயாக இருந்து எழுந்து வந்தவர், பேசினால் ஏதோ இருக்கும் என்று தோன்றும். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தது முந்தைய நல்ல காரியங்கள்தான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறப்புப் பாலினத்திலிருந்து மாறுபட்டவர்கள் என்று சொன்னவர்கள் அரைச் சதவீதம் அளவுக்குத்தான் இருந்தார்கள், அந்த எண்ணிலும் பிழை இருக்கலாம் என்று புள்ளிவிவரத் துறையே பின்னால் சொன்னது. அவ்வளவு சிறிய கூட்டத்துக்கு எதிராக அவ்வளவு பெரிய பெயர் நிற்கும்போது இரண்டு பக்கமும் சமமாக விவாதம் நடக்கிறது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

இங்கிருந்து இதைப் பார்க்கும்போது ஒன்று உறுத்துகிறது. திருநர்களுக்கென்று 2008இலேயே நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று 2014 ஏப்ரல் 15 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் நாம் செய்து கிழித்தது கொஞ்சம்தான், வாடகைக்கு வீடு கேட்டுப் போன எந்தத் திருநங்கையும் சொல்வார். இருந்தாலும் சட்டம் பேசிய திசை அது. அதற்குப் பதினொரு வருடம் கழித்து, பழைய ஜனநாயகம் என்று நாம் அண்ணாந்து பார்க்கும் நாடு எதிர்த் திசையில் போகிறது, அந்தப் பயணத்துக்கு நான் சிறு வயதில் விழுந்து விழுந்து படித்த புத்தகங்களின் வருமானம் போகிறது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

அப்புறம் புத்தகங்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். என் அலமாரியில் இருப்பவை இருக்கட்டும், எரிக்கவோ எடைக்குப் போடவோ மாட்டேன். பிள்ளைகள் யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பேன், பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் வாங்கியும் தருவேன், அதில் ஆசிரியருக்கு ஒரு காசு போகாது. எச்பிஓ எடுக்கும் புதுத் தொடருக்கும் புது விளையாட்டுகளுக்கும் என் பணம் கிடையாது. இவ்வளவு வாசகர்களை இழந்துவிட்டு இரவில் எப்படித் தூக்கம் வருகிறது என்று 2022இல் ஒருவர் கேட்டபோது, கடைசியாக வந்த ராயல்டி காசோலையைப் படித்தால் வலி சீக்கிரம் போய்விடுகிறது என்று அவர் பதில் எழுதினார். நான் கொடுக்காத சில நூறு ரூபாய் அந்தக் காசோலையில் தெரியப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். பணம் எங்கே போகிறது என்று கொடுக்கிறவரே ஊரறிய அறிவித்த பிறகும் அதில் என் பங்கைச் சேர்க்க எனக்கு மனமில்லை. எடின்பரோ மையத்துக்கு நேரடியாகவே நன்கொடை அனுப்பலாம், லூமோஸுக்கும் அனுப்பலாம். இரண்டும் இன்றும் நல்ல வேலை செய்கின்றன.